பள்ளிக்கூடமும் கீரைப்பாத்தியும்



சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இடைவேளையில், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் உடனடி மீ பொட்டலத்தைக் கையால் நொறுக்கி, உள்ளிருந்த மசாலைத் தூளை அதன்மேல் தூவி, வேகவைக்காமலேயே தின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். “இதுதான் டீச்சர்” என்றான்.

அன்று மாலையே அவன் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். கீரையின் சிறப்பு, பொட்டலத் தீனியிலுள்ள உப்பின் கேடு என்று பத்து நிமிடம் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: “டீச்சர், கீரை நல்லதுன்னு எனக்கும் தெரியும். எங்க பாட்டி லயத்துக்குப் பின்னால கீரை போட்டவங்கதான். நான் இப்போ எட்டாவது மாடியில இருக்கேன். வேலை முடிஞ்சு வர்றப்போ பசார் மூடியிருக்கும். கீழே இருக்கிற கடையில பொட்டலந்தான் இருக்கு. நான் எங்க போய் வாங்குறது?”

என்னிடம் விடை இல்லை. “சரிம்மா, பார்க்கிறேன்” என்று கூறித் தொடர்பைத் துண்டித்தேன். அறிவுரை சொல்லப் போனவள் தலைகுனிந்து நின்றேன். “எங்க போய் வாங்குறது?” என்னும் அக்கேள்வி பல நாள் என்னை விடவில்லை. நம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது, இந்நாட்டில் நம்மவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவரும் கேள்வியே அது என்பது புரிந்தது. அந்த வரலாற்றில் சிலவற்றை இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று வகை அரிசி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்குப் பலியாயினர். ஆனால், கம்பத்து மலாய்க்காரர்களையும் தோட்டத் தமிழர்களையும் அது அவ்வளவாகத் தாக்கவில்லை.

நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனார்ட் பிராட்டன் இந்த வேறுபாட்டைக் கூர்ந்து கவனித்து, 1907இல் ஒரு நூலாக வெளியிட்டார். மூன்று இனத்தாரும் சோறுதான் உண்டனர். ஆயினும் அரிசி மூன்று வகை. மலாய்க்காரர் தம் நெல்லைத் தேவைக்கேற்ப அவ்வப்போது குத்திச் சமைத்தனர். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெண்மையாகத் தீட்டப்பட்டு நெடுநாள் மூட்டையில் கிடந்த பச்சரிசி. அந்தப் பழைய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராட்டன் கருதினார். காரணத்தில் தவறினாலும், குற்றவாளி எந்த அரிசி என்பதைச் சரியாகவே காட்டினார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் ஓராண்டுக்கு மேல் கொடுத்தார். இடையில் இரு பிரிவினரின் கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார். நோய் கட்டடத்தைப் பற்றவில்லை, அரிசியையே பின்தொடர்ந்தது. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. தம்மீது நடப்பது இன்னதென்று அறியாமலே அம்மனிதர்கள் நமக்கு ஓர் உண்மையை விட்டுச் சென்றனர் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டேன்டன் ஆகிய இருவரும் 1909இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்தியது. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு வெளியேறும் ஏதோ ஒரு சத்துதான் உயிர்காப்பது என்பதும் அதன்பின் தெளிவாயிற்று. இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

பெற்றோர்களே, ஒன்றைக் கவனியுங்கள். தமிழர் உண்ட புழுங்கல் அரிசியும் கப்பலேறி மூட்டையில் வந்ததுதான். ஆகவே, மூட்டையோ பொட்டலமோ தன்னளவில் எதிரி அன்று. நம் கைக்கு வருமுன் அந்த உணவிலிருந்து எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதே கேள்வி. இன்னொன்றும் உண்டு. நம் முன்னோர் பி1 சத்தை அறிந்து புழுங்கல் அரிசியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழகிய அரிசி அவர்களுக்குக் கிடைத்தது, தப்பினார்கள். சுரங்கத்துச் சீனருக்கு அது கிடைக்கவில்லை. உணவில் அறிவைவிடக் கிடைப்பதே பல வேளைகளில் தலைவிதியை எழுதுகிறது.

ஒரே சட்டத்தில் இரண்டு

சோறு கிடைத்தது, காய்கறி? அக்காலத் தோட்ட வாழ்க்கையைப் பொற்காலமாக நான் வருணிக்கப் போவதில்லை. அரிசி, பருப்பு, உப்புக்கருவாடு, மிளகாய் என்ற அளவில்தான் பலருடைய அடுப்பு எரிந்தது. சம்பளத்தில் பெரும்பகுதி கடைக்கணக்கிலேயே கழிந்தது. இரத்தசோகையும் கொக்கிப்புழுவும் வீட்டுக்கு வீடு இருந்தன.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தை நம் ஆசிரியர்கள் நன்கறிவர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தரவேண்டும் என்று விதித்த சட்டம் அது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு அதுவே அடித்தளம். ஆனால், அதே சட்டத்தில் இருந்த இன்னொரு விதியை நாம் பேசுவதில்லை. குடும்பத்தோடு தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்பதே அவ்விதி.

பதினாறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? மாணவர்களுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. பதினாறால் வகுத்தால் ஏறத்தாழ 2,722 சதுர அடி. இன்று 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட வரிசைவீட்டு மனை 1,400 சதுர அடி. அப்படிப்பட்ட இரண்டு மனைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமான நிலம், கீரைக்கும் மாட்டுக்குமாக ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு உரியதாகச் சட்டத்தில் இருந்தது.

சட்டத்தில் இருந்தது எல்லாத் தோட்டத்திலும் மண்ணில் இருந்ததா என்றால், இல்லை. லயத்தின் வாசல்வரை பால்மரம் நட்ட தோட்டங்களும் உண்டு. பள்ளி விதியும் அப்படித்தானே? மாட்டுக்கொட்டகையைப் போன்ற கூரைக்கடியில் பெயருக்கு நடந்த பள்ளிகள் எத்தனை! ஆயினும், விதி ஏட்டில் இருந்தவரை கேட்பதற்கு ஒரு பிடி இருந்தது.

என் பாட்டிக்கு அந்த நிலம் கிடைத்திருந்தது. 1970களில் நான் சிறுமியாக அதைப் பார்த்திருக்கிறேன். அதிகாலையில் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, மதியம் திரும்பிய பின்னர்தான் பாட்டி மண்வெட்டியை எடுப்பார். தண்டுக்கீரை, பசலை, வெண்டை, கத்தரி, பயற்றங்காய்ப் பந்தல், ஓரத்தில் முருங்கை, வேலியில் அவரை, கறிவேப்பிலை. சமைக்கும் நேரத்தில்தான் கீரை பறிக்கப்படும். எங்கள் வீட்டில் மிஞ்சியது அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து ஒரு கிண்ணம் மோர் வரும். பையும் இல்லை, விலையும் இல்லை. அந்தப் பாத்தியில் தண்ணீர் சுமந்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் அறிவியல் பாடம். அது பாட்டிக்கு எத்தனை கடினமான இரண்டாவது வேலையாக இருந்திருக்கும் என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

டின் பால்

பாத்தி ஒருபுறம் இருக்க, கடைப்பக்கத்திலிருந்து வேறொன்று வந்து சேர்ந்தது. இனிப்பூட்டிய கட்டிப்பால். டின் பால் என்றே நம்மவர் அழைத்தனர். கெடாது, அடுக்கி வைக்கலாம், காப்பிக்குச் சுவை. அதில் பிழையில்லை. விடியற்காலையில் வேலைக்குப் போன தாய்மார், குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லவேண்டிய நிலையில், அந்தப் பாலைத் தண்ணீரில் கரைத்துப் பச்சிளங்குழந்தைக்குப் புகட்டியபோதுதான் கேடு விளைந்தது. சர்க்கரை மிகுந்து, குழந்தைக்கு வேண்டிய சத்து குறைந்த பால் அது.

இதனை வெளிப்படையாகக் கண்டித்தவர் சிங்கப்பூரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. தாய்ப்பாலுக்கு ஈடென்று சொல்லிக் கட்டிப்பாலை விற்கும் விளம்பரத்தால் குழந்தைகள் இறந்தால் அதைக் கொலையாகவே கருதவேண்டும் என்று அவர் வாதிட்டார். வணிகர்களும் பெரிய மனிதர்களும் நிறைந்த அவையில், ஒரு பெண், அந்தக் காலத்தில் இப்படிப் பேசினார் என்பதை நம் மாணவியர்க்குச் சொல்லவேண்டும். அவர் தாய்மார்களைக் கொலைகாரர் என்று கூறவில்லை. விற்றவர்களை நோக்கியே விரல் நீட்டினார். இதைப் படித்த இடத்தில் நான் சற்று நின்றேன். நான் விரல் நீட்டியது ஒரு தாயை நோக்கி அல்லவா?

அரிசிக் கப்பல் நின்றபோது

போருக்கு முந்திய மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கும் மேல் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து தருவித்தது. நிலமெல்லாம் இரப்பர், ஈயம். சோறு மட்டும் கப்பலில். இந்த ஏற்பாட்டின் ஆபத்து முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளிலேயே தெரிந்தது. அரிசி தட்டுப்பட்டது, தோட்டங்களிலும் உணவுப்பயிர் இடவேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. கப்பல் மீண்டும் வந்ததும் அது மறந்துபோயிற்று.

1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அரிசி வரத்து அறுந்தது. பங்கீட்டில் கிடைத்த அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மடிந்தனர். எஞ்சியோர் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் தின்று நாளைக் கடத்தினர். ஒருகாலத்தில் விரட்டப்பட்ட பெரிபெரி மீண்டும் திரும்பியது.

பாட்டி அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். மரவள்ளிக்கிழங்கு அவித்தால் மட்டும் தம் பங்கை எங்களுக்கே தள்ளிவிடுவார். ஒருமுறை காரணம் கேட்டேன். “மூணு வருசம் தின்னது போதும் ஆத்தா” என்றார். லயத்துக்குப் பின்னால் பாத்தி இருந்தவர்களும் பசித்திருந்தனர். ஆனால், பிழைத்தனர் என்றும் அவர்தான் சொன்னார்.

துளையிட்ட டின்கள்

போர் முடிந்து மூச்சுவிடுவதற்குள் 1948இல் அவசரகாலம் வந்தது. 1960வரை நீடித்த அக்காலத்தில் உணவே போர்க்கருவி ஆயிற்று. 1950ஆம் ஆண்டுப் பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரம் வாழ்ந்த மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டில் இருந்த போராளிகளுக்கு ஒரு பிடி அரிசியும் போகக்கூடாது என்பதே நோக்கம். வேலைக்குச் செல்வோர் வாயிலில் சோதிக்கப்பட்டனர்.

கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே அதில் துளையிட்டுத் தரவேண்டும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. துளையிட்ட டின்னைப் பதுக்கி வைக்க முடியாது, உடனே தின்னவேண்டும். சில பகுதிகளில் அரிசியையே கொடுக்காமல், பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கிக் கொடுத்தனர். மூட்டை அரிசி மாதக்கணக்கில் இருக்கும். வெந்த சோறு மறுநாளே ஊசிப்போகும். டின்னுக்கும் மூட்டைக்கும் உள்ள பலம் கெடாமல் நெடுந்தொலைவு போவது என்பதைப் படைத்தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். இன்றைய கடை அடுக்கில் பொட்டலம் நிறைந்திருப்பதற்கும் அதே பலம்தான் காரணம். கீரை ஒருநாளில் வாடும். வாடினால் கடைக்காரருக்கு இழப்பு. பொட்டலம் ஓராண்டு காத்திருக்கும். அந்த எட்டாம் மாடிக் குடியிருப்பின் கீழ்க்கடையில் கீரை இல்லாததற்கு யாருடைய சோம்பலும் காரணமன்று.

பாத்தி போன வழி

விடுதலைக்குப் பிறகு ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் துண்டுதுண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நாம் அழைக்கும் அந்தத் துயரத்தில் பல குடும்பங்கள் வேலையோடு வீட்டையும், வீட்டோடு பாத்தியையும் இழந்தன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினர். அது பெருமைக்குரிய வரலாறு. ஆயினும், பின்னாளில் இரப்பர் செம்பனையாக மாறி, செம்பனை வீடமைப்புத் திட்டமாக மாறியபோது, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர்.

அப்போது நாம் எதற்காகப் போராடினோம்? பள்ளிக்காக. தோட்டம் அழிந்தாலும் பள்ளி அழியக்கூடாது என்று பெற்றோரும் ஆசிரியரும் அலைந்தனர், மனு எழுதினர், நிலம் கேட்டனர். அதனால்தான் இன்றும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. 1923 சட்டம் தந்த இரண்டில் ஒன்றை நாம் மீட்டுக்கொண்டோம். மற்றொன்று போனதை இழப்பாகக்கூட எண்ணவில்லை. மாற்றுவீடு பேசியவர்கள் எத்தனை அறை என்று கேட்டார்கள். முருங்கைக்கு இடம் எங்கே என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை. படித்து முடித்துப் பட்டணத்தில் வேலை கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தேன்.

எங்கே வாங்குவது?

நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. வேளாண் விளைபொருள் சந்தை வாரியமான ஃபாமா 1985இல் தொடங்கிய பசார் தானி என்னும் உழவர் சந்தைகள் இன்றும் பல ஊர்களில் நடைபெறுகின்றன. விளைவித்தவரே விற்பதற்கான இடம் அது. இரவுச் சந்தையிலும் புதிய காய்கறி கிடைக்கும். ஆனால், அந்த நாளும் அந்த நேரமும் வேலைக்குப் போகும் தாய்க்கு ஒத்துவர வேண்டுமே!

ஆகவே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேள்வியையே முன்வைத்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எங்கே வாங்குகிறீர்கள், எப்போது வாங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பலருக்கும் அதே சிக்கல்தான். பேச்சின் இடையே ஒரு பெரியவர் எழுந்தார். எங்கள் மாணவி ஒருத்தியின் தாத்தா. பழைய தோட்டத்துக்காரர். மின்கோபுரக் கம்பிகளுக்குக் கீழேயுள்ள வெற்றுநிலத்தில் கீரையும் வெண்டையும் பயிரிடுகிறார். “என் கீரைய வாங்க ஆளில்லாம மாட்டுக்குப் போடுறேன்” என்றார். வாங்க இடமில்லாத தாயும் விற்க இடமில்லாத தாத்தாவும் ஒரே பள்ளிக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களை யாரும் சேர்த்துவைக்கவில்லை.

இப்போது புதன்கிழமைகளில் பள்ளி முடியும் நேரத்தில், தலைமையாசிரியரின் இசைவோடு, அந்தத் தாத்தா வாயிலருகே ஒரு மேசை போடுகிறார். காலையில் பறித்த கீரை, வாழைநாரில் கட்டியது. வர இயலாதவர்கள் முதல்நாள் சொல்லிவைத்தால் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புகிறோம். மழை பெய்தால் மேசை இல்லை. சில வாரங்களில் கீரை மீந்துவிடுகிறது. சில வாரங்களில் பத்தே கட்டுதான். பள்ளியின் பின்புறம் மாணவர்கள் போட்ட பாத்தியில் முதல் தடவை பயற்றஞ்செடி முழுவதையும் நத்தை தின்றுவிட்டது. இரண்டாம் தடவை தண்டுக்கீரை வந்தது. அந்த நிலம் பதினாறில் ஒரு பங்கு ஏக்கருக்கு அருகில்கூட வராது. நான்கு பாத்திகள், அவ்வளவுதான்.

அந்தத் தாயாரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். “என்ன டீச்சர், பெரிய வார்த்தை எல்லாம் பேசுறீங்க” என்றார். அவர் மகன் இன்றும் சில நாள்களில் மீ பொட்டலத்தோடு வருகிறான். புதன்கிழமைகளில் கீரைக்கட்டோடு வீட்டுக்குப் போகிறான்.

ஆசிரியர்களே, பிள்ளையின் கையில் இருக்கும் பொட்டலத்தைப் பார்க்கும்போது, அவன் வீட்டிலிருந்து கீரைக்கடை எவ்வளவு தூரம், அது எத்தனை மணிக்கு மூடும் என்பதையும் கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் வட்டாரத்திலும் மின்கம்பிக்கடியிலோ, ஆற்றோரத்திலோ, கோயில் நிலத்திலோ யாரேனும் ஒரு பெரியவர் கீரை போட்டுக்கொண்டிருப்பார். அவரைத் தேடிப் பாருங்கள். பள்ளியைக் காப்பாற்றத் தெரிந்த சமுதாயத்துக்குப் பாத்தியை மீட்பது இயலாத செயலன்று.